நடுக்குவாதமும் மருந்து மாற்றமும்

முதிர்ந்த பெற்றோரைப் பேணுதல் மக்கள் கடனாம். அவர் நடுக்குவாதமுற்றாராயின் அன்போடு அறிவும் வேண்டும். 1817-ஆம் ஆண்டில் இலண்டன் மருத்துவர் ஜேம்ஸ் பார்க்கின்சன் இந்நோயை விரித்தெழுதினமையால், பார்க்கின்சன் நோய் எனவும் இது வழங்கும். மூளையில் டோபமின் என்னும் பொருளை ஆக்கும் உயிரணுக்கள் அழிதலின் நடுக்கமும் விறைப்பும் மந்தமும் உண்டாகின்றன. லெவோடோபா என்னும் மருந்து மூளையுட் சென்று டோபமினாக மாறி அக்குறையை ஓரளவு ஈடுசெய்யும்.

நோய் முதிருங்கால் ஒரு வேளை மருந்தின் பயன் அடுத்த வேளைக்கு முன்னரே ஒழிவதுண்டு. காலையில் உலாவிய தந்தையார் நண்பகலில் எழமாட்டாதிருப்பின், அதனைப் பிடிவாதமென நாம் கடிந்துகொள்ளலாகாது. அப்பொழுது மருத்துவர் மருந்தின் அளவையோ நேரத்தையோ மாற்றுவர். அளவு மிகின் உடல் தன்வயமின்றி நெளிதலும், இல்லாத உருவங்கள் தோன்றுதலும், எழுந்து நிற்கையில் தலைச்சுற்றலும் நேரலாம். இவற்றிற்கஞ்சி நாமே மருந்தைத் திடீரென நிறுத்துவோமாயின், கடுங்காய்ச்சலும் விறைப்பும் மிக்கு உயிர்க்கே ஏதமாகலாம்.

நிற்க. வாந்திக்குத் தரப்படும் மெட்டோகுளோப்ரமைடு டோபமினைத் தடுத்து இந்நோயை மிகுவிக்கும். ஆதலின் பிற பிணிக்கு மருத்துவரை நாடும்போதும் இந்நோயுண்மையை முதற்கண் அறிவித்தல் வேண்டும். மருந்துண்ட நேரம், நன்கு இயங்கிய நேரம், விறைத்த நேரம் ஆகியவற்றை நாடோறும் குறித்து மருத்துவரிடம் காட்டுவோமாக. அக்குறிப்பைக் கொண்டே அவர் அடுத்த மாற்றத்தைத் துணிவர்.