நட்டை முறுக்குவதற்கு முன்

கிழக்குக் கடற்கரையில் ஏப்ரல் 15 முதல் ஜூன் 14 வரை, 61 நாள் விசைப்படகுகள் கடலுக்குப் போகக் கூடாது. மீன்களின் இனப்பெருக்கத்துக்காக வைத்த தடைக்காலம் இது. படகுகளுக்கு இதுவே மராமத்துக் காலம். கோட்டைப்பட்டினத்திலும் ஜெகதாப்பட்டினத்திலும் படகுகளைக் கரையேற்றி, கொட்டலசைச் சுரண்டி, பலகை மாற்றி, பெயின்ட் அடித்து, என்ஜினைப் பிரித்துப் பூட்டுவார்கள். இத்தனை வேலைக்கும் கடைசியில் வருவது புரொப்பல்லரைத் திரும்பப் பூட்டுவது. கடைசியில் வருவதாலேயே அவசரத்தில் முடிந்துபோவதும் இதுதான்.

நான் விராலிமலையில் லேத் வேலை பார்ப்பவன். மலையும் முருகன் கோயிலும் மயில்களும் உள்ள வறண்ட ஊர் எங்களுடையது. ஆனால் இதே புதுக்கோட்டை மாவட்டத்தின் கிழக்கு விளிம்பு கடல். தடைக்காலத்தில் அறந்தாங்கி தாண்டிக் கடற்கரைக்குப் போய் ஷாஃப்ட், புஷ், கப்ளிங் வேலை செய்வது எனக்குப் பல வருடப் பழக்கம். அதில் கற்றதை இந்த வேலைக்குப் புதிதாக வரும் தம்பிகளுக்காக எழுதுகிறேன்.

ஒரு புரொப்பல்லர் சரியாக உட்காரவில்லை என்றால் என்ன ஆகும்? பாக் நீரிணைப் பகுதியில் விசைப்படகுக்கு வாரத்தில் சில நாள்தான் முறை. மற்ற நாள் நாட்டுப்படகுக்கு. முறை நாளில் படகு நின்றால் அந்த வருமானம் போனது போனதுதான். அதைவிடப் பெரிய பயம் ஒன்று உண்டு. நடுக்கடலில் புரொப்பல்லர் சுழலாமல் நின்றால் காற்றும் நீரோட்டமும் படகை இலங்கைக் கடல் எல்லைக்கோட்டுக்கு அந்தப் பக்கம் தள்ளிக்கொண்டு போகலாம். அங்கே போனவர்கள் கைதாகிச் சிறையில் இருந்த கதைகள் இந்தக் கரையில் வீட்டுக்கு வீடு உண்டு. அதனால் இதை வெறும் நட்டு, போல்ட்டு வேலையாக நான் ஒருநாளும் நினைத்ததில்லை.

கழற்றும்போதே கவனம்

நன்றாகப் பூட்டுவது கழற்றும்போதே தொடங்குகிறது. நட்டை முழுதாகக் கழற்றிவிடாதீர்கள். சில மரை தளர்த்தி அப்படியே விட்டுவிட்டு, புல்லர் போட்டு இழுங்கள். ஷாஃப்டின் கூம்பு முனையான டேப்பரிலிருந்து புரொப்பல்லர் விடுபடும்போது வெடித்தது போலக் குதிக்கும். நட்டு இருந்தால் அது தடுத்து நிறுத்தும், எதிரே நிற்பவர் தப்புவார். சம்மட்டியால் அடிக்கவே கூடாது. அடி வெண்கலத்தை நசுக்கும், ஷாஃப்டை வளைக்கும், அதிர்ச்சி உள்ளே கியர்பாக்ஸ் பேரிங் வரை போகும். வரவில்லை என்றால் புரொப்பல்லரின் நடுக்குடமான பாஸைச் சுற்றிலும் ஒரே சீராக மிதமாகச் சூடாக்கலாம். ஒரே இடத்தில் கேஸ் நெருப்பைக் காட்டினால் அந்த இடம் பலவீனப்படும்.

இரட்டை என்ஜின் படகாக இருந்தால் கழற்றியதும் இடது, வலது என்று குறியிட்டு வையுங்கள். இரண்டும் எதிரெதிர்த் திசையில் சுழல்பவை. மாற்றிப் பூட்டினால் முன் கியரில் படகு பின்னால் போகும். பாஸில் வழக்கமாக விட்டம், பிட்ச் (ஒரு சுற்றில் முன்னேறும் தூரம்), சுழலும் திசை ஆகியவற்றைப் பொறித்திருப்பார்கள். படகின் பின்னால் நின்று முன்னோக்கிப் பார்க்கும்போது, முன் கியரில் மேல் இறக்கை வலப்பக்கம் சாய்ந்து சுழன்றால் அது வலச்சுற்று.

இறக்கையைப் பார்ப்பது

சுத்தம் செய்த இறக்கையின் நிறத்தைப் பாருங்கள். வெண்கலம் மஞ்சளாக இருக்க வேண்டும். அங்கங்கே செம்பு போல இளஞ்சிவப்புத் தென்பட்டால் உப்புநீர் அந்த உலோகத்திலிருந்து துத்தநாகத்தை உறிஞ்சிவிட்டது என்று பொருள். அந்த இடம் உறுதி இழந்திருக்கும். சிறிய கட்டையால் தட்டிப் பாருங்கள்: நல்ல இறக்கை கணீரென்று ஒலிக்கும், கெட்டுப்போனதோ விரிசல் விட்டதோ மந்தமாக ஒலிக்கும். ஓரத்தில் சிறு பிசிறு இருந்தால் அரத்தால் மென்மையாகச் சீராக்கலாம். இறக்கை வளைந்திருந்தால் புரொப்பல்லர் செப்பனிடும் பட்டறைக்குத்தான் அனுப்ப வேண்டும். பிட்ச் அளந்து, பேலன்ஸ் பார்த்துத்தான் திருத்த முடியும்.

ஷாஃப்டை வி-பிளாக்கில் வைத்து டயல் கேஜ் போட்டுச் சுழற்றுங்கள். வளைந்த ஷாஃப்டில் எவ்வளவு நல்ல புரொப்பல்லரைப் பூட்டினாலும் அதிர்வு போகாது, ஷாஃப்டைத் தாங்கும் ஸ்டெர்ன் புஷ் சீக்கிரம் தேய்ந்துவிடும். பாஸுக்கும் புஷ்ஷுக்கும் இடையில் பழைய வலைத்துண்டும் நைலான் நூலும் சுற்றிக்கொண்டு கிடக்கும். அவையும் புஷ்ஷை அரித்துத் தின்னும். ஒன்றுவிடாமல் எடுத்துவிடுங்கள்.

சுமப்பது டேப்பர்

இந்த வேலையில் நான் கற்ற ஒரே பெரிய பாடம் இது: என்ஜினின் விசையைப் புரொப்பல்லருக்குக் கடத்துவது டேப்பரின் பிடிதான். ஷாஃப்டின் கூம்பு முனையும் பாஸின் கூம்புத் துளையும் ஒன்றோடொன்று முழுதாகப் பதிந்து கவ்வுவதால் வரும் பிடி அது. ஷாஃப்டுக்கும் பாஸுக்கும் இடையே கீவே எனும் பள்ளத்தில் உட்காரும் கீ ஒரு பாதுகாப்பு. நட்டு, புரொப்பல்லரை அந்த இடத்தில் வைத்திருக்கிறது. டேப்பர் பதியாமல் நட்டை எவ்வளவு முறுக்கினாலும் பலனில்லை.

டேப்பரின் அளவு பலவிதம். 1:12 என்றால் 12 அங்குல நீளத்தில் விட்டம் 1 அங்குலம் குறையும். வேறு அளவுள்ள புரொப்பல்லரைத் தூக்கிப் போட்டால் ஒரு முனையில் மட்டும்தான் பிடிக்கும். பதிந்திருக்கிறதா என்று அறிய ஷாஃப்ட் டேப்பரில் ப்ளூ எனும் நீலச் சாயப்பசையை மெல்லிதாகத் தடவி, கீ போடாமல் புரொப்பல்லரைத் தள்ளிப் பொருத்தி, திரும்ப எடுத்துப் பாருங்கள். பரப்பில் 70 சதவீதத்துக்கு மேல், பெரிய முனையிலிருந்து சின்ன முனை வரை பரவலாக நீலம் ஒட்டியிருக்க வேண்டும். ஒரு வளையமாக மட்டும் ஒட்டியிருந்தால் வால்வு கிரைண்டிங் பேஸ்ட் தடவி, பாஸை முன்னும் பின்னும் திருப்பித் திருப்பி அரைத்துப் பதிய வைக்கலாம். கடைசியில் பேஸ்ட் துளியும் இல்லாமல் துடைத்தெடுக்க வேண்டும். டேப்பரில் கிரீஸ் அப்ப வேண்டாம். எண்ணெய்த் துணியால் ஒருமுறை துடைத்தால் போதும்.

கீயின் உயரம்

கோட்டைப்பட்டினத்தில் ஒரு படகு. வருடா வருடம் பூட்டிய கொஞ்ச நாளிலேயே பின்பக்கம் அதிரும். படகுக்காரர் வயதில் மூத்தவர். "தம்பி, நட்டு அசையவே இல்லப்பா. போன தடவ வச்ச குறி வச்ச எடத்துலயே இருக்கு. அப்புறம் எப்புடி ஆடுது?" என்றார். "நட்டு அசையாதுண்ணே, உள்ள பாப்போம்" என்று சொல்லிவிட்டு, முதலில் கீ இல்லாமல் புரொப்பல்லரைத் தள்ளி, பாஸின் முன்விளிம்பு ஷாஃப்டில் எங்கே நிற்கிறது என்று பென்சில் கோடு போட்டேன். பிறகு கீ வைத்துத் தள்ளினேன். பாஸ் அந்தக் கோட்டைத் தொடவில்லை. ப்ளூ தடவிப் பார்த்தபோது கீக்கு எதிர்ப்பக்கம் மட்டும் நீலம். கீயின் இரு பக்கமும் சுத்தமாக இருந்தது. கீ உயரம் கூடுதலாக இருந்ததால் பாஸ் அதன்மேல் ஏறி நின்று, ஒருபக்கம் தூக்கிக்கொண்டு பூட்டப்பட்டிருந்தது. கீயின் மேற்பரப்பை அரத்தால் கொஞ்சம் கொஞ்சமாக இழைத்து, மறுபடி மறுபடி பொருத்திப் பார்த்து, பாஸ் பென்சில் கோட்டுக்கு வந்து நின்றபின் நட்டைப் போட்டோம்.

இந்தப் பென்சில் கோட்டுச் சோதனைக்கு ஒரு பென்சிலும் சற்றுப் பொறுமையும் போதும். எந்தப் படகிலும் இதைத் தவிர்க்காதீர்கள். கீ பக்கவாட்டில் இறுக்கமாகவும், மேலே மெல்லிய இடைவெளியோடும் இருக்க வேண்டும். கீயின் முனைகளையும் கீவேயின் மூலைகளையும் கூராக விடாமல் உருட்டிவிடுங்கள். ஷாஃப்டில் விரிசல் பெரும்பாலும் அந்த மூலையில்தான் பிறக்கும்.

நட்டும் பின்னும்

ஒரு தடித்த நட்டும் ஒரு மெல்லிய நட்டும் இருந்தால் மெல்லியது முதலில், தடித்தது அதன்மேல். இரண்டாவதை இறுக்கியதும் சுமை அதற்குத்தான் மாறும். அதனால்தான் வலுவானது வெளியே. முறுக்கும்போது ஷாஃப்ட் சுழலாமல் இருக்க இறக்கையின் நுனியில் முட்டுக் கொடுக்காதீர்கள். மரக்கட்டையை இறக்கையின் அடிப்பகுதியில் கொடுங்கள். ஸ்பிளிட் பின் எப்போதும் புதியது, உப்புநீருக்கு ஏற்ற உலோகத்தில். துத்தநாக ஆனோடு தேய்ந்திருந்தால் மாற்றுங்கள், அதன்மேல் பெயின்ட் படவிடாதீர்கள். வெண்கலத்துக்குப் பதிலாக அரிக்கப்படுவதற்கென்றே வைத்தது அது. பெயின்ட் அடித்தால் அந்த வேலையை அதனால் செய்ய முடியாது.

தண்ணீரில் இறக்கிய பிறகு

கரையில் முட்டுக்கட்டைமேல் நிற்கும் படகின் உடலும் தண்ணீரில் மிதக்கும் படகின் உடலும் ஒரே வடிவில் இருக்காது. மரப்படகில் இது நன்றாகத் தெரியும்; பலகை நீர் குடித்து ஊறி நிலைக்க ஓரிரு நாள் ஆகும். அதனால் என்ஜின் அலைன்மென்டைக் கடைசியாகத் தண்ணீரில்தான் பார்க்க வேண்டும். கப்ளிங் போல்ட்டுகளைக் கழற்றி, இரு முகங்களுக்கும் இடையே மேல், கீழ், இடது, வலது என நான்கு இடத்தில் ஃபீலர் கேஜ் விடுங்கள். 100 மில்லிமீட்டர் விட்டமுள்ள கப்ளிங்கில் இடைவெளி வித்தியாசம் 0.1 மில்லிமீட்டரைத் தாண்டக் கூடாது. என்ஜின் பேஸில் ஷிம் வைத்துச் சரிசெய்யலாம்.

ஷாஃப்ட் வெளியேறும் இடத்தில் தண்ணீர் உள்ளே வராமல் தடுக்கும் கிளாண்டில் பழைய பேக்கிங்கை முழுதாக எடுத்துவிட்டுப் புதியதை வையுங்கள். ஒரே கயிறாகச் சுற்றாமல் தனித்தனி வளையமாக வெட்டி, மூட்டுகள் ஒரே நேரில் வராதபடி மாற்றி மாற்றி வைக்க வேண்டும். ஷாஃப்ட் ஓடும்போது நிமிடத்துக்குச் சில சொட்டுத் தண்ணீர் விழட்டும். அதுதான் பேக்கிங்கைக் குளிர்விக்கிறது. சொட்டே வரக்கூடாது என்று இறுக்கினால் ஷாஃப்ட் சுட்டு, தேய்ந்து பள்ளம் விழும்.

வெள்ளோட்டத்தில் டிரைவர் பக்கத்தில் நின்று கவனியுங்கள். முழு வேகத்தில் என்ஜின் அதன் சுற்றை எட்டாமல் கரும்புகை கக்கினால் பிட்ச் அதிகம், அல்லது எங்கோ இழுவை இருக்கிறது. சுற்று வரம்பைத் தாண்டிப் பறந்தால் பிட்ச் குறைவு. கரைக்கு வந்ததும் கப்ளிங் போல்ட்டுகளை ஒருமுறை மறுபடி இறுக்குங்கள்.

கடைசியாக, படகிலேயே ஒரு நோட்டு வையுங்கள். புரொப்பல்லர் அளவு, டேப்பர், கீயின் உயரம், புஷ் தேய்மானம், கப்ளிங்கின் நான்கு இடைவெளிகள், ஆனோடு மாற்றிய தேதி, எல்லாவற்றையும் எழுதி டிரைவரிடம் கொடுங்கள். அடுத்த தடைக்காலத்தில் வேலைக்கு வருபவர் நீங்களாக இல்லாமல் போகலாம். என்ன தேய்ந்தது, எவ்வளவு தேய்ந்தது என்று அவருக்குத் தெரிந்தால் எது உடையப்போகிறது என்பதும் தெரியும். அது கரையிலேயே தெரிந்துவிட வேண்டும் என்பதற்காகத்தான் இத்தனை பாடும்.