முதிர்ந்த ஹைப்ரிட் வண்டியும் மலைப்பாதைச் சோதனையும்

உலகிற் பயன்படும் பொருள்கள் யாவும் காலத்தினால் தேய்வுறுவது இயற்கை. மனிதன் ஆக்கிய இயந்திரமும் இவ்விதிக்கு விலக்கன்று. மோட்டார் வண்டியொன்று பத்தாண்டு கடந்து முதுமை எய்தும்போது, அதனை உடையவர் இருவகைத் தவறுகளுள் ஒன்றைச் செய்வது வழக்கம். சிறிய ஒலி கேட்டவுடனே அஞ்சிப் பெரும்பொருள் செலவிட்டு, நல்ல உறுப்புகளையும் மாற்றிவிடுவது ஒன்று. எச்சரிக்கை விளக்கு எரிந்தும் பொருட்படுத்தாது ஓட்டிக்கொண்டே யிருப்பது மற்றொன்று. முன்னது பணத்துக்குக் கேடு. பின்னது மலைநாட்டில் உயிருக்கே கேடு. இவ்விரண்டுக்கும் மூலகாரணம் ஒன்றே. அது நோய் இன்னதென்று ஆராயாமை. ஆதலின், பெட்ரோல் எஞ்சினும் மின்சார மோட்டாரும் ஒருங்கே அமைந்த ஹைப்ரிட் வண்டியின் முதுமைக் குறிகளையும், அவற்றை ஆராயும் முறையையும், வெலிங்டனில் வாழ்வார் நாள்தோறும் காணும் மலைப்பாதையை முன்வைத்து ஈண்டுச் சுருக்கமாக எழுதுவாம்.

இரு சக்திகளின் கூட்டு

ஓர் இயந்திரத்தில் இருவகை அமைப்புகள் கூடி வேலை செய்தல் நீலகிரியார்க்குப் புதிதன்று. வெலிங்டன் நிலையத்தின் வழியே செல்லும் மலை ரயிலையே நோக்குக. அப்பாதை 1899 இல் மேட்டுப்பாளையத்திலிருந்து குன்னூர் வரையிலும், 1908 இல் உதகமண்டலம் வரையிலும் திறக்கப்பட்டது. கல்லாற்றுக்கும் குன்னூருக்கும் இடையே, பன்னிரண்டடிக்கு ஓரடி ஏறும் செங்குத்தான பகுதியிலே, தண்டவாளத்தில் உருளும் சக்கரங்களோடு, நடுவிலுள்ள பல்தண்டைக் கவ்வி ஏறும் பற்சக்கரங்களும் சேர்ந்து எஞ்சினை உந்துகின்றன. குன்னூருக்கு மேல் வெலிங்டன், அரவங்காடு வழியாகச் செல்லும் பாதைக்குப் பல்தண்டு வேண்டுவதில்லை. உருளும் சக்கரங்களே போதும். இடத்துக்கேற்ப ஒன்றோ இரண்டுமோ வேலை செய்யும் இக்கருத்தே ஹைப்ரிட் வண்டிக்கும் உயிர்நிலையாகும்.

இவ்வகை வண்டி நேற்றுத் தோன்றியதன்று. பெர்டினாண்ட் போர்ஷே என்னும் பொறிவல்லார் 1900 ஆம் ஆண்டளவிலேயே பெட்ரோல் எஞ்சினால் மின்சாரம் உண்டாக்கி ஓடும் வண்டியொன்றை அமைத்தார். எனினும், பெருந்தொகையாக விற்பனைக்கு வந்த முதல் வண்டி, 1997 டிசம்பரில் ஜப்பானில் வெளிவந்த டொயோட்டா பிரியஸ் என்பதே. இந்தியாவில் 2008 இல் ஹோண்டா சிவிக் ஹைப்ரிடும், 2010 இல் பிரியஸும் விற்பனைக்கு வந்தன. 2022 முதல் இவ்வகை வண்டிகள் நம் சாலைகளில் மிகுந்து வருகின்றன. முன்னே வந்தவை இப்போது முதியனவாயின. பின்னே வந்தவையும் ஒருநாள் அந்நிலை எய்தும். இலங்கையிலோ, 2020 மார்ச்சு மாதத்தில் வண்டி இறக்குமதி நிறுத்தப்பட்டு, 2025 வரை தனியார் கார்கள் புதிதாக வருதல் இயலாமற் போயிற்று. அதனால், ஜப்பானிலிருந்து முன்னரே வந்திருந்த பழைய ஹைப்ரிட் வண்டிகளைப் பேணிக் காப்பது அங்கே பலர்க்கும் கட்டாயமாயிற்று. புதியது வாங்க இயலாதபோதுதான் பழையதன் அருமை விளங்கும்.

மலை கற்பிக்கும் கணக்கு

பிரியஸின் இரண்டாம், மூன்றாம் தலைமுறை வண்டிகளில் உள்ள பெரிய பாட்டரியை உதாரணமாகக் கொள்வோம். அதில் 28 தொகுதிகள் உள. தொகுதி ஒன்றுக்கு 6 கலங்கள். கலம் ஒன்றுக்கு 1.2 வோல்ட். ஆக 168 கலங்களும் தொடர்ந்து நின்று 201.6 வோல்ட் தருகின்றன. கொள்ளளவு 6.5 ஆம்பியர்-மணி. இரண்டையும் பெருக்கினால் வருவது ஏறக்குறைய 1.3 யூனிட் மின்சாரம். பாட்டரி நெடுநாள் வாழும்பொருட்டு, வண்டியின் கணிப்பொறி அதனை முற்றும் நிரப்புவதுமில்லை, முற்றும் வடியவிடுவதுமில்லை. நடுவிலுள்ள ஏறத்தாழ அரை யூனிட் மட்டுமே நாள்தோறும் புழங்குவது.

இனி மலையின் கணக்கைப் பார்ப்போம். வெலிங்டனுக்கும் மேட்டுப்பாளையத்துக்கும் உயர வேறுபாடு சுமார் 1,500 மீட்டர். ஆட்களோடு 1,500 கிலோகிராம் நிறையுள்ள வண்டி அவ்வுயரம் இறங்கும்போது வெளிப்படும் ஆற்றல், 1,500 ஐ 9.8 ஆலும், மீண்டும் 1,500 ஆலும் பெருக்க வருவதாகும். அஃது ஏறக்குறைய 220 லட்சம் ஜூல்; அதாவது 6 யூனிட். சக்கர உராய்வும் காற்றின் தடையும் இதில் ஒரு பகுதியை உண்ணும். எஞ்சியதும் பாட்டரி ஏற்கத்தக்க அரை யூனிட்டைப்போலப் பன்மடங்காம். ஆகவே, நல்ல பாட்டரியுங்கூடப் பர்லியாறு வருமுன்னரே நிரம்பிவிடும். அதன்பின் வண்டி, பெட்ரோல் செலவின்றியே எஞ்சினைச் சுழற்றி வேகத்தைத் தடுக்கும். அப்போது எஞ்சின் இரைவது கேட்கும். இதனை நோயென்று எண்ணி அஞ்சுவார் பலர். இது நோயன்று, நிரம்பிய பாத்திரத்தில் மேலும் நீர் ஊற்றாது திருப்பிவிடும் அறிவுடைமையே.

இறங்கும்போது இயக்கக் கோலைப் 'பி' நிலையில் வைப்பது நலம். எஞ்சினின் தடுப்பு அதனால் மிகும். பெட்ரோல் மிச்சமாகுமென்று கருதி நியூட்ரலில் இறங்கும் வழக்கம் சிலரிடம் உண்டு. ஹைப்ரிட் வண்டியில் அதனால் மோட்டார் மின்சாரம் உண்டாக்குதலும் நிற்கும். எஞ்சின் தடுப்பும் நிற்கும். முழுச்சுமையும் பிரேக்கின் தலையிலேயே விழும். ஆதலின் அதனை அறவே ஒழிக்க.

நோய் மறையும் விதம்

ஹைப்ரிட் வண்டியின் தனித்தன்மை, ஒருவர் தளர்ந்தால் மற்றவர் தாங்கும் கூட்டுக்குடும்பத்தைப் போன்றது. பாட்டரி தளர்ந்தால் எஞ்சின் மிகுதியாக உழைக்கும். எஞ்சின் தளர்ந்தால் மோட்டார் சற்றே கைகொடுக்கும். சமவெளியில் இக்குறை நெடுநாள் தெரியாது. மலைப்பாதையோ இருவரையும் ஒருங்கே வேலைவாங்கும். வெலிங்டனின் 6,000 அடி உயரத்தில் காற்றழுத்தம் கடல்மட்டத்தைவிட ஐந்தில் ஒரு பங்கு குறைவாதலின், எஞ்சினின் வலிமையும் குறைந்தே நிற்கும். எனவே, ஏற்றமும் இறக்கமும் முதிய வண்டிக்கு உண்மையான பரீட்சையாகின்றன. இப்பரீட்சையைக் கவனித்துக் குறித்துக்கொள்பவரிடம் நோய் நெடுநாள் மறைந்திராது.

பொதுவான பிணிகள்

முதலாவது, சிறிய பாட்டரி. பெரிய பாட்டரியோடு 12 வோல்ட் பாட்டரி ஒன்றும் வண்டியில் உண்டு. கணிப்பொறியை எழுப்புவது இதுவே. இது தளர்ந்தால், தொடர்பில்லாத பல எச்சரிக்கை விளக்குகள் ஒருங்கே எரியும். வண்டி கிளம்பவும் மறுக்கும். பெரிய பாட்டரியே கெட்டதென எண்ணிச் செலவுக்கு அஞ்சுவார் பலர். வண்டியை ஓரிரவு நிறுத்திவைத்துக் காலையில் வோல்ட்மானியால் அளந்து பார்க்க. 12.6 வோல்ட் அளவில் இருப்பின் நன்று; 12.2 க்குக் கீழ் இறங்கினால் மின்னேற்றம் குறைந்துள்ளது. மின்னேற்றியபின்னும் நில்லாதாயின் மாற்றுதற்குரியது. வாரக்கணக்கில் வண்டியை நிறுத்திவைப்போர் இதில் தனிக்கவனம் செலுத்த வேண்டும்.

இரண்டாவது, பெரிய பாட்டரியின் தளர்ச்சி. இதற்குரிய குறி, காட்டியின் ஊசலாட்டம். இறக்கத்தில் சில நிமிடங்களிலேயே நிரம்பியதாகக் காட்டி, ஏற்றம் தொடங்கியதும் விரைவில் வடிந்ததாகக் காட்டினால், பாத்திரமே சுருங்கிவிட்டதென அறிக. இவ்வண்டியில் 'பி0ஏ80' என்னும் குறியெண் தோன்றுவது இப்பிணியைப் பற்றியதே. அப்பொழுதும் உடனே முழுப்பாட்டரியையும் எறிந்துவிடுதல் வேண்டா. 28 தொகுதிகளும் ஒருசேரத் தளர்ந்தனவா, ஒன்றிரண்டு மட்டும் தளர்ந்தனவா, அல்லது அவற்றை இணைக்கும் செப்புத் தகடுகளில் பச்சைக் களிம்பேறித் தடை மிகுந்ததா என்பதைப் பயிற்சிபெற்றவர் அளந்து சொல்லுதல் கூடும். சும்மா இருக்கும்போது எல்லாத் தொகுதிகளும் ஒரே வோல்ட் காட்டலாம். சுமை ஏற்றிய பின்னரே நோயுற்றது தன்னைக் காட்டிக்கொடுக்கும். ஒரு தொகுதியை மட்டும் மாற்றினால் சில காலம் ஓடும். அதன் வயதொத்த பிறவும் பின்தொடர்ந்து தளரக்கூடுமாதலின், அதனைத் தற்காலிக உதவியாகவே கொள்ளவேண்டும்.

மூன்றாவது, காற்றுவழி அடைப்பு. பெரிய பாட்டரியைக் குளிர்விக்கும் விசிறி, பின்னிருக்கையின் அருகிலுள்ள துளைவழியே வண்டிக்குள்ளிருந்து காற்றை இழுக்கின்றது. தூசியும் கம்பளி நூலும் நாய்மயிரும் அதில் அடைபடும். வெலிங்டனின் குளிரில் அக்குறை தோன்றாது. மேட்டுப்பாளையத்துக்கு இறங்கி வெயிலில் ஏற்றம் ஏறும்போது பாட்டரி சூடேறி ஆயுள் குறையும். ஆண்டுக்கொருமுறை விசிறியைத் துடைத்தலும், அத்துளையின்மேல் மூட்டை வையாதிருத்தலும் பணச்செலவில்லாத மருத்துவங்களாம்.

நான்காவது, குளிர்நீர்ச் சுற்று. மின்சாரத்தை மாற்றித்தரும் இன்வெர்ட்டருக்குத் தனிக் குளிர்நீரும், அதனைச் சுழற்றும் சிறு மின்பம்பும் உள. வண்டி இயங்கும் நிலையில் அந்நீர்த்தொட்டியை நோக்கினால் நீர் அசைந்துகொண்டிருக்க வேண்டும். அசைவில்லையேல் பம்பை ஐயுறுக. எஞ்சினின் குளிர்நீர் வெளியே ஒழுகாமலே குறைந்து வருவதும், குளிர்காலைப்பொழுதில் எஞ்சின் கிளம்பும்போது கடகடவென நடுங்குவதும், தலைப்பகுதிக் கேஸ்கெட்டு பழுதுற்றதற்குக் குறிகளாம். மூன்றாம் தலைமுறைப் பிரியஸில், வெளிப்புகையைத் திருப்பி அனுப்பும் வழி கரியால் அடைபடுவதும் இதனோடு சேர்ந்து காணப்படுவதுண்டு. இந்நடுக்கத்தைப் பாட்டரியின் பிணியென மயங்குதல் கூடாது.

ஐந்தாவது, பிரேக்கு. பெரும்பாலான தடுப்பை மோட்டாரே செய்துவிடுவதால், பிரேக்குக் கட்டைகள் நெடுநாள் தேயாமல் இருக்கும். இது நன்மையே. ஆயினும், மழையும் பனிமூட்டமும் மிக்க குன்னூர்ப் பகுதியில், உழைப்பில்லாத தட்டுகளில் துருவேறும். கட்டையைத் தாங்கும் ஊசிகள் இறுகும். கட்டையின் கனம் குறையவில்லை என்பதனால் மட்டும் பிரேக்கு நன்றாயிருப்பதாகக் கொள்ளற்க. பாட்டரி நிரம்பியபின் இறக்கத்தில் உயிர்காப்பது எஞ்சின் தடுப்பும் இவ்விரும்புத் தட்டுகளுமே. பிரேக்கு எண்ணெய் காற்றின் ஈரத்தை உறிஞ்சும் இயல்புடையது. ஈரமுற்ற எண்ணெய் நீண்ட இறக்கத்தின் சூட்டில் கொதித்துக் குமிழியிடும். அப்போது மிதித்தும் பிடிக்காது. ஈராண்டுக்கொருமுறை அதனை மாற்றுக. பிரேக்கை மிதியாதபோதும் அதன் மின்பம்பு சில நொடிக்கொருமுறை முனகினால், அழுத்தம் உள்ளே கசிகின்றதென உணர்ந்து, மலை இறங்குமுன் வண்டியைப் பழுதுபார்க்கக் கொடுக்க.

தொடலாகாதன

பொறியியல் ஆர்வமுள்ள மாணவர்க்கு ஓர் எச்சரிக்கை. ஆரஞ்சு நிறம் பூண்ட கம்பிகள் உயிர் குடிக்கும் மின்னழுத்தம் உள்ளவை. மூன்றாம் தலைமுறைப் பிரியஸில் இன்வெர்ட்டர் அவ்வழுத்தத்தை 650 வோல்ட் வரை உயர்த்தவல்லது. பாட்டரியின் நடுவிலுள்ள பாதுகாப்புச் செருகியை எடுத்துவிட்டால் ஆபத்து முற்றும் நீங்கிற்றென எண்ணுதல் பெரும்பிழை. செருகி, தொகுதி வரிசையை இரண்டாகத் துண்டிக்கும். துண்டு ஒவ்வொன்றிலும் மின்னழுத்தம் நிற்கவே செய்யும். இன்வெர்ட்டரில் தேங்கிய மின்சாரம் வடியவும் சில நிமிடங்கள் வேண்டும். உரிய ரப்பர் கையுறையும், அளவுகருவியும், பயிற்சியும் இல்லாதார் அம்மூடியைத் திறவாதிருப்பதே அறிவுடைமை. கண்ணால் நோக்கலும், காதால் கேட்டலும், 12 வோல்ட் பாட்டரியை அளத்தலும், காற்றுவழியைத் துடைத்தலும் நமக்குரிய எல்லை, அதற்கப்பாற்பட்டது கைதேர்ந்தார்க்குரியது.

ஆராயும் முறை

இதுகாறும் கூறியவற்றால் ஆராய்ச்சிக்கு ஒரு வரிசை பெறப்படும். சிறியதையும் எளியதையும் முதலிற் காண்க. பெரியதையும் விலைமிக்கதையும் இறுதியிற் காண்க. முதலில் 12 வோல்ட் பாட்டரி, அடுத்து நீர்மட்டங்கள், பின்பு காற்றுவழி, பின்பு குறியெண்களைப் படித்து எழுதிக்கொள்ளல், அதன்பின்னரே பெரிய பாட்டரியின் அளவை. குறியெண் நோயின் பெயரைச் சொல்லும். காரணத்தை எப்போதும் சொல்லாது. குறியெண்களை எழுதிக்கொள்ளாமல் அழித்துவிடுவது, மருத்துவர் வருமுன் நோயாளியின் குறிப்பேட்டைக் கிழிப்பதனோடு ஒக்கும்.

வண்டியில் ஒரு சிறு நோட்டுப் புத்தகம் வைத்துக்கொள்க. மேட்டுப்பாளையம் சென்று மீளும்தோறும், பாட்டரி எவ்விடத்தில் நிரம்பிற்று, ஏறும்போது எவ்விடத்தில் வடிந்தது, பெட்ரோல் எவ்வளவு செலவாயிற்று என்ற மூன்றையும் தேதியோடு குறிக்க. ஓராண்டுக் குறிப்பைப் புரட்டினால், சென்ற ஆண்டு பர்லியாற்றை நெருங்கி நிரம்பியது இவ்வாண்டு காட்டேரியிலேயே நிரம்பிவிடுகின்றது என்பது போன்ற மாற்றம் கண்ணுக்குப் புலனாகும். பெரும்பணம் கேட்கும் தொழிலாளியிடம் செல்லும்போதும், இக்குறிப்பு உடையவர் ஏமாறுவது அரிது. நேர்மையான தொழிலாளிக்கோ இதுவே பாதி வேலையை முடித்துத் தரும்.

முதிய வண்டியைப் பேணுதல் கருமித்தனமென்று சிலர் நகையாடலாம். இரும்பும் செம்பும் நிக்கலும் நிலத்திலிருந்து தோண்டியெடுத்து, பலருடைய உழைப்பால் ஆக்கப்பட்ட ஒரு பொருளை, காரணம் அறியாது எறிந்துவிடுவதன்றோ நகைத்தற்குரியது? பழுதை அறிந்து தீர்க்கத்தக்கதைத் தீர்த்தலும், தீர்க்க இயலாதபோது துணிந்து விடுத்தலும் ஆகிய இரண்டும் ஆராய்ச்சி அறிவின் பயன்களாம். கல்லூரியிற் கற்கும் ஆற்றலும் வெப்பமும் மின்சாரமும் ஏட்டோடு நின்றுவிடாமல், குன்னூர் மலைப்பாதையின் ஒவ்வொரு வளைவிலும் நமக்குப் பயன்படுமாயின், அக்கல்வியே நம்மையும் நம்மோடு வருவாரையும் பாதுகாப்பாக வீடு சேர்க்கும்.