ஒழுகும் கூரையும் உடைந்த தாழும்
குடியிருக்கும் மாணவர் அறிய வேண்டிய சில செய்திகள்

"வீட்டைக் கட்டிப் பார், கல்யாணம் பண்ணிப் பார்" என்பது நம் நாட்டுப் பழமொழி. டெல்லிக்குப் படிக்க வந்த தமிழ் மாணவனுக்கு இவ்விரண்டு தொல்லையும் இப்போதைக்கு இல்லை. அவனுக்கு உள்ள தொல்லை மூன்றாவது ஒன்று: பிறர் கட்டிய வீட்டில் குடியிருந்து பார்ப்பது!

பல்கலைக்கழக விடுதியில் இடம் கிடைத்தவர்கள் பாக்கியசாலிகள். மற்றவர்கள் கமலா நகர், விஜய் நகர், முகர்ஜி நகர், ஹட்சன் லைன் என்று மாடிமாடியாய் ஏறி இறங்கி, கிடைத்த அறையில் பெட்டியை வைக்கிறோம். மழைக்காலம் வந்ததும் கூரை ஒழுகுகிறது. சுவரில் ஓதம் ஏறிக் காரை பெயர்கிறது. மாடிப்படி விளக்கு எரிவதில்லை. தெருக்கதவின் தாழ் உடைந்து கிடக்கிறது. வீட்டுக்காரரிடம் சொன்னால், "கல்" என்கிறார். இந்தியில் 'கல்' என்ற சொல்லுக்கு நாளை என்றும் பொருள் உண்டு, நேற்று என்றும் பொருள் உண்டு. அவர் எந்தப் பொருளில் சொன்னார் என்பது ஆறு மாதம் கழித்தே நமக்கு விளங்குகிறது.

இதற்குச் சட்டத்தில் வழி உண்டா? உண்டு. ஆனால் அந்த வழி எங்கே தொடங்குகிறது, எங்கே முடிகிறது என்பதை அறியாமல் நடந்தால் பள்ளத்தில் விழ நேரும். கட்டுரையாளன் சட்டம் பயில்பவன் அல்லன், இயற்பியல் பயில்பவன். எனினும் சட்ட நூலைப் புரட்டியும், சட்டம் பயிலும் நண்பர்களைக் கேட்டும் தெளிந்தவற்றை ஈண்டுத் தொகுத்துக் கூறலாம் என்று எண்ணுகிறேன்.

வசதிக் குறைவா, உயிர்க் கேள்வியா?

"படிக்க வந்தோம், இரண்டு ஆண்டு பொறுத்துக் கொள்வோம்" என்று சொல்லும் நண்பர் பலர். ஒழுகலைப் பொறுக்கலாம். எல்லாவற்றையும் பொறுக்கலாமா?

2023 செப்டம்பரில் முகர்ஜி நகரில் மாணவியர் தங்கியிருந்த ஒரு கட்டடத்தில் தீப்பற்றியது. படிக்கட்டின் அருகே இருந்த மின்மீட்டர்ப் பலகையில் தோன்றிய தீ மேலே பரவியது. இறங்குவதற்கு இருந்தது ஒரே படிக்கட்டு. தீயணைப்புப் படையினர் வந்து மாணவியரை மீட்டனர். 2024 ஜூலை 27 அன்று பழைய ராஜிந்தர் நகரில், ஒரு பயிற்சி நிலையத்தின் நிலவறையில் மழைவெள்ளம் புகுந்து மூன்று மாணவர் உயிரிழந்தனர். மின்கம்பி, படிக்கட்டு, நிலவறை ஆகியவை வசதியைச் சேர்ந்தவை அல்ல, உயிரைச் சேர்ந்தவை.

நம் பாடத்திலிருந்தே ஒரு கணக்குப் போட்டுப் பார்ப்போம். வீட்டு மின்னழுத்தம் 230 வோல்ட். ஈரமான உடலின் மின்தடை சுமார் 1,000 ஓம் என்று கொள்வோம். பழுதான வெந்நீர்க் கொதிகலனைத் தொடுபவர் உடலில் பாயும் மின்னோட்டம் ஏறத்தாழ 0.23 ஆம்பியர். இதயத் துடிப்பைக் குலைக்க இதில் ஒரு பகுதியே போதும். பலகையில் உள்ள உருகியோ 6 ஆம்பியருக்கோ 16 ஆம்பியருக்கோ மேற்பட்டால்தான் உருகும். ஆகவே உருகி கம்பியைக் காக்கும்; நம்மைக் காக்காது. நம்மைக் காப்பவை இரண்டு. ஒன்று, சரியான நிலத்தொடுப்பு, அதாவது 'எர்த்'. மற்றொன்று, 0.03 ஆம்பியர் கசிந்தாலே நொடியின் சிறு பகுதியில் மின்சாரத்தை நிறுத்தும் துண்டிப்பான். இதைக் கடைக்காரர் 'ஆர்.சி.சி.பி.' என்பார். அறை பார்க்கப் போகும்போது ஜன்னல் காற்றைப் பார்க்கும் நாம், மின்பலகையில் இந்தத் துண்டிப்பான் உண்டா என்று பார்ப்பதில்லை. இனிப் பார்க்க வேண்டும்.

பாதுகாப்பிலும் ஒரு முரண்பாடு உண்டு. திருடனை வெளியே நிறுத்துவதற்காக ஜன்னலுக்கும் மாடி வாயிலுக்கும் இரும்புக் கம்பி போட்டுப் பூட்டுகிறார்கள். தீப்பற்றினால் அதே கம்பி நம்மை உள்ளே நிறுத்திவிடும். உள்ளிருந்து திறக்க முடியாத பூட்டு காவல் அன்று, சிறை.

நாம் யார்?

உரிமை என்ன என்று கேட்கும் முன், சட்டத்தின் கண்ணில் நாம் யார் என்று கேட்க வேண்டும். ஓர் அறையையோ தளத்தையோ நம் கைவசம் பெற்று, பூட்டும் சாவியும் நம்மிடம் இருக்க, மாத வாடகை கொடுத்தால் நாம் குடியிருப்பவர். வீட்டுக்காரர் வசத்திலேயே உள்ள இடத்தில் படுக்கையும் உணவும் பெற்றுத் தங்கினால், வடநாட்டார் 'பேயிங் கெஸ்ட்' என்னும் கட்டண விருந்தினர். இவருக்கு இருப்பது பெரும்பாலும் தங்கும் அனுமதியே.

பத்திரத்தில் 'அனுமதி' என்று எழுதிவிட்டாலே குடியுரிமை போய்விடுமா? போகாது. 1959இல் உச்ச நீதிமன்றம், டெல்லி ஓட்டல் ஒன்றின் அறைகளைப் பற்றிய வழக்கில், பத்திரத்தின் பெயரைவிட அதன் பொருளே முக்கியம் என்று தீர்ப்பளித்தது. இடம் முழுதும் ஒருவர் தனிவசம் இருந்தது என்பது அங்கே பெரிய சான்றாகக் கொள்ளப்பட்டது.

கட்டண விருந்தினருக்கும் வழி அடைபடவில்லை. 2019ஆம் ஆண்டு நுகர்வோர் பாதுகாப்புச் சட்டம், பணம் பெற்று உணவும் உறைவிடமும் அளிப்பதைச் 'சேவை' என்ற சொல்லுள் அடக்குகிறது. சொன்ன வசதியைத் தராவிட்டால் மாவட்ட நுகர்வோர் ஆணையத்தில் முறையிடலாம். ஆலோசனைக்கு 1915 என்ற எண்ணை அழைக்கலாம்.

டெல்லிச் சட்டம் சொல்வது

குடியிருப்பவருக்கு இனி வருவோம். 1958ஆம் ஆண்டு டெல்லி வாடகைக் கட்டுப்பாட்டுச் சட்டத்தின் 44ஆம் பிரிவு, வீட்டைக் குடியிருக்கத் தக்க நிலையில் பழுதுபார்த்து வைப்பது வீட்டுக்காரரின் கடமை என்று ஐயத்துக்கு இடமின்றிச் சொல்கிறது. அவர் தவறினால் வழி இரண்டு.

முதலாவது: எழுத்து மூலம் அறிவிப்புக் கொடுத்து, நியாயமான காலம் காத்திருந்தும் அவர் செய்யாவிடில், நாமே பழுதுபார்த்துச் செலவை வாடகையில் கழித்துக்கொள்ளலாம். ஆனால் ஓராண்டில் கழிக்கும் தொகை, அவ்வாண்டு வாடகையில் பன்னிரண்டில் ஒரு பங்கைத் தாண்டக் கூடாது.

இரண்டாவது: பழுது பெரிது, அதைச் சரிசெய்யாமல் அங்கே வாழவே இயலாது, அறிவிப்புக் கொடுத்தும் பயனில்லை. அப்போது செலவு மதிப்பீட்டுடன் வாடகைக் கட்டுப்பாட்டு அதிகாரியிடம் மனுச் செய்யலாம். அவர் இரு தரப்பையும் கேட்டு, இவ்வளவு தொகைக்குள் செய்க என்று உத்தரவிடுவார். அப்போது ஓராண்டு வாடகையில் பாதி வரை கழிக்கலாம்.

எடுத்துக்காட்டாக, மாத வாடகை 3,000 ரூபாய் என்று வைத்துக்கொள்வோம். ஆண்டுக்கு 36,000. முதல் வழியில் 3,000 ரூபாய் வரையும், இரண்டாம் வழியில் அதிகாரி குறித்த தொகைக்குள் 18,000 ரூபாய் வரையும் ஓராண்டில் கழிக்கலாம்.

45ஆம் பிரிவு இன்னும் கவனிக்கத் தக்கது. தக்க காரணமின்றி இன்றியமையாத வசதிகளை வீட்டுக்காரர் துண்டிக்கக் கூடாது. தண்ணீர், மின்சாரம், துப்புரவு ஆகியவற்றோடு, நடைவழியிலும் மாடிப்படியிலும் உள்ள விளக்கையும் சட்டம் பெயர் சொல்லிச் சேர்த்திருக்கிறது. குடியிருப்பவரை விரட்டவோ வாடகையை உயர்த்தவோ இப்படிச் செய்திருந்தால், வீட்டுக்காரருக்கு முன்னறிவிப்பு இன்றியே, வசதியை உடனே திருப்பிக் கொடுக்குமாறு அதிகாரி இடைக்கால உத்தரவு இடலாம்.

வேலி ஒன்று உண்டு

இதைப் படித்து மகிழும் முன் ஒரு வேலியைக் காட்ட வேண்டும். 1988இல் வந்த திருத்தத்தின்படி, மாத வாடகை 3,500 ரூபாய்க்கு மேற்பட்ட இடங்களுக்கு இந்தச் சட்டம் செல்லாது. நால்வர் சேர்ந்து எடுக்கும் ஒரு தளத்தின் வாடகையை எண்ணிப் பாருங்கள்! நம்மில் பெரும்பாலோர் இந்த வேலிக்கு வெளியேதான் நிற்கிறோம்.

வேலிக்கு வெளியே ஆள்வது 1882ஆம் ஆண்டு சொத்து மாற்றுச் சட்டம். அதன் 108ஆம் பிரிவும், வீட்டுக்காரர் தாம் செய்யக் கடமைப்பட்ட பழுதை அறிவிப்புக்குப் பின்னும் செய்யாவிடில், குடியிருப்பவர் தாமே செய்து செலவை வட்டியோடு வாடகையில் கழிக்கலாம் என்கிறது. தீ, புயல், வெள்ளம் முதலியவற்றால் இடத்தின் முக்கிய பாகம் அழிந்து, நம் குற்றமின்றி அது நிலையாகப் பயனற்றுப் போனால், நாம் விரும்பினால் குடி ஒப்பந்தத்தை முடித்துக்கொள்ளலாம் என்றும் கூறுகிறது.

ஆனால் 'கடமைப்பட்ட பழுது' என்ற சொற்களைக் கூர்ந்து நோக்குக. 1958ஆம் ஆண்டுச் சட்டம் கடமையைத் தானே விதிக்கிறது. 1882ஆம் ஆண்டுச் சட்டமோ, கடமை வேறெங்காவது இருந்தால் அதை நிறைவேற்ற வழி சொல்கிறது. அந்த 'வேறெங்காவது' பெரும்பாலும் நாம் கையெழுத்திடும் ஒப்பந்தமே! பதினொரு மாதப் பத்திரம் என்று ஒரு தாளை நீட்டுவார்கள். நாம் படிக்காமல் கையெழுத்திடுவோம். அந்தத் தாளில் ஒரு வரி இருந்தால் நமக்கு உரிமை உண்டு. இல்லையேல் வீட்டுக்காரரின் தயவுதான் உண்டு.

அந்த ஒரு வரி எது? மாதிரி வேண்டுவோர், 2021இல் மத்திய அரசு வெளியிட்ட மாதிரிக் குடியிருப்புச் சட்டத்தின் பட்டியலைப் பார்க்கலாம். மாதிரி என்பதால் அது தானாக எங்கும் செல்லாது; மாநிலங்கள் இயற்றிக்கொண்ட இடத்திலேயே செல்லும். நம் தமிழ்நாட்டில் 2017ஆம் ஆண்டுத் தனிச் சட்டம் ஒன்று 2019 பிப்ரவரியிலிருந்து நடப்பில் உள்ளது. அதை இங்கே காட்டிப் பயனில்லை. எனினும் மாதிரிப் பட்டியலின் பங்கீடு நியாயமானது. கட்டடப் பழுது, வெள்ளையடித்தல், குழாய் மாற்றுதல், மின்கம்பி அமைப்பு ஆகியவை வீட்டுக்காரர் பொறுப்பு. திருகுகுழாய், சுவிட்சு, ஜன்னல் கண்ணாடி, கதவின் பூட்டு போன்ற சிறு பழுதுகள் குடியிருப்பவர் பொறுப்பு. ஆகவே பூட்டுக்காகச் சண்டையிட வேண்டா. வீட்டுக்காரருக்குத் தெரிவித்துவிட்டு நாமே நல்ல பூட்டுப் போடுவோம். தெருக்கதவும், மாடிப்படி விளக்கும், மின்கம்பியும் அவருடையவை என்று பத்திரத்தில் எழுதிக்கொள்வோம்.

செய்ய வேண்டுவன

1. குடிபுகும் நாளிலேயே ஒவ்வொரு சுவரையும், மின்பலகையையும், கதவையும் படம் எடுத்து வீட்டுக்காரருக்கு அனுப்பி வையுங்கள். இருந்த பழுதுக்கு நம் முன்பணத்தில் கை வைக்க முடியாது.

2. பழுதை வாயால் சொன்னதோடு நிற்காதீர்கள். வாய்ச்சொல் காற்றோடு போகும். அவர் படிக்கும் மொழியில் ஒரு கடிதம் எழுதுங்கள். என்ன பழுது, எந்த நாள் தொடங்கியது, அதனால் என்ன ஆபத்து, எந்த நாளுக்குள் செய்ய வேண்டும், செய்யாவிடில் என்ன செய்வோம் என்ற ஐந்தும் அதில் இருக்கட்டும். விரைவுத் தபாலில் அனுப்பி ரசீதைப் பத்திரப்படுத்துங்கள்.

3. நாமே பழுதுபார்க்குமுன் இரண்டு மூன்று பேரிடம் மதிப்பீடு வாங்குங்கள். வேலை முடிந்ததும் பட்டியலையும் ரசீதையும் வைத்துக்கொள்ளுங்கள்.

4. கட்டடமே இடியும் நிலை என்றால் மாநகராட்சிக்கு எழுதுங்கள். 1957ஆம் ஆண்டு டெல்லி மாநகராட்சிச் சட்டத்தின் 348ஆம் பிரிவு, ஆபத்தான கட்டடத்தை இடிக்கவோ பழுதுபார்க்கவோ உத்தரவிடும் அதிகாரத்தை ஆணையருக்கு அளிக்கிறது. வாடகை எவ்வளவு என்ற கேள்வி அங்கே எழாது.

5. வக்கீலுக்குப் பணமில்லையே என்று தயங்க வேண்டா. 15100 என்ற எண்ணில் சட்ட உதவி கேட்கலாம். 1987ஆம் ஆண்டுச் சட்டத்தின்படி, பெண்களுக்கும் தாழ்த்தப்பட்ட, பழங்குடி வகுப்பினருக்கும் வருமானம் பாராமல் இலவச உதவி உண்டு.

செய்யக் கூடாதன

கோபத்தில் வாடகையை அடியோடு நிறுத்திவிடுவது பலர் செய்யும் பிழை. கழிக்கும் உரிமை வேறு. நிறுத்தும் உரிமை வேறு. வாடகைப் பாக்கி, கேட்பு அறிவிப்புக்குப் பின் இரண்டு மாதத்துள் தீராவிடில், 1958ஆம் ஆண்டுச் சட்டத்தின் 14ஆம் பிரிவின்படி அதுவே வெளியேற்றக் காரணமாகிவிடும். நியாயம் நம் பக்கம் இருக்க, வழக்கை அவர் கையில் கொடுப்பானேன்? அவர் வாடகை வாங்க மறுத்தால், இச்சட்டத்தின் கீழ் வரும் இடங்களுக்கு, அதிகாரியிடம் கட்டிவிட 27ஆம் பிரிவு வழி செய்கிறது.

மூலச் சான்றிதழ்களை எவரிடமும் ஒப்படைக்காதீர்கள். காவல் நிலையச் சரிபார்ப்புக்கு நகல் போதும். அந்தச் சரிபார்ப்பைத் தட்டிக் கழிக்கவும் வேண்டா; நாம் அங்கே குடியிருக்கிறோம் என்பதற்கு அதுவும் ஒரு சான்று.

நம் சங்கம் செய்யத் தக்கது

தனி மாணவன் கேட்டால் வீட்டுக்காரர், "பிடிக்காவிட்டால் காலி செய், வேறு ஆள் காத்திருக்கிறான்" என்கிறார். அந்த வேறு ஆளும் பெரும்பாலும் நம்மவரே. அடுத்த ஆண்டு தமிழ்நாட்டிலிருந்து வண்டியில் வந்து இறங்கும் தம்பியோ தங்கையோதான். நாம் வாய்மூடிக் காலி செய்த அறையில், அதே பழுதான கொதிகலனின் கீழ் அவர் குளிக்கப் போகிறார். இதை எண்ணினால், பழுதைக் கேட்பது தன்னலம் அன்று என்பது விளங்கும்.

ஆகவே சங்கம் ஒரு பதிவேடு வைக்கலாம். எந்தத் தெருவில் எந்த அறை, மின்பலகையில் துண்டிப்பான் உண்டா, படிக்கட்டு எத்தனை, ஜன்னல் கம்பி உள்ளிருந்து திறக்குமா, முன்பணம் ஒழுங்காகத் திரும்பியதா என்பவற்றைக் காலி செய்து போகிறவர் எழுதிவிட்டுப் போகட்டும். வசையும் புகழும் வேண்டா. கண்டது மட்டும் போதும். நல்ல ஒப்பந்த வாசகம் ஒன்றையும், அறிவிப்புக் கடித மாதிரி ஒன்றையும் இந்தியிலும் ஆங்கிலத்திலும் எழுதி வைக்கலாம்.

நண்பர்களே! அடுத்த முறை பதினொரு மாதத் தாள் உங்கள் முன் வரும்போது, பேனாவை எடுக்குமுன் கண்ணாடியை எடுங்கள். பழுதுபார்க்கும் வரி இருக்கிறதா என்று பாருங்கள். இல்லையேல் எழுதச் சொல்லுங்கள். எழுதிய பிறகு கையெழுத்திடுங்கள்.