முறுக்கா, தேன்குழலா? எக்செல் சால்வர் தரும் பதில்

கம்ப்யூட்டர் வாங்கிய புதிதில் எக்செல் தொகுப்பைத் திறந்து, வீட்டுச் செலவுகளை வரிசையாக எழுதி, ஆட்டோசம் பட்டனைத் தட்டியதும் கூட்டுத்தொகை வருவதைப் பார்த்து மகிழ்ந்து போவோம். நானும் பல ஆண்டுகள் அதோடு நின்றுவிட்டவன்தான். ஆனால் எக்செல்லுக்குள் சால்வர் என்று ஒரு வசதி இருக்கிறது. கையில் இருக்கும் ஆள், அடுப்பு, நேரம், பணம் இவற்றை வைத்துக் கொண்டு எதை எவ்வளவு செய்தால் அதிக லாபம் வரும் என்று அது கணக்கிட்டுச் சொல்லும். பெரிய தொழிற்சாலைகளில் இதற்கென்றே பட்டம் பெற்றவர்கள் உட்கார்ந்து செய்யும் வேலை. நான் அதைக் கற்றுக் கொண்டது என் சித்தியின் பலகாரக் கடைக்காக.

சித்தி வீட்டிலேயே கை முறுக்கும் தேன்குழலும் போட்டு விற்கிறார். அவரோடு சம்பளத்துக்கு இரண்டு பெண்கள். தீபாவளிக்கு முந்தைய மூன்று வாரங்களில் ஆர்டர் குவியும். இருக்கும் ஒரே அடுப்பு போதாது என்று, பெரிய அடுப்பு, வாணலி, மேடை எல்லாம் சேர்த்து நாற்பதாயிரம் ரூபாய்க்கு விலை பேசி வைத்திருந்தார். பணத்துக்கு வளையலை அடகு வைப்பதாக ஏற்பாடு. "நீதான் கம்ப்யூட்டர்ல எல்லாம் போடுவியே, இந்த அடுப்பு வாங்கினா கட்டுபடியாகுமான்னு பார்த்துச் சொல்லுப்பா" என்றார். விளையாட்டாகச் சொல்லிவிட முடியாத கேள்வி. ஒரு வாரம் அவகாசம் கேட்டேன்.

முதலில் தகவல்கள் வேண்டும். சால்வரை இயக்குவது பத்து நிமிட வேலை. அதற்குள் போட வேண்டிய எண்களைச் சரியாகச் சேகரிப்பதுதான் பெரும்பாடு. ஒரு கிலோ முறுக்கு சுற்ற எவ்வளவு நேரம் ஆகும் என்று கேட்டேன். மாவு பிசைவதிலிருந்து பொரித்து எடுப்பது வரை எல்லாம் சேர்த்து ஒரு மணி நேரம் என்றார் சித்தி. மூன்று நாள் பக்கத்தில் உட்கார்ந்து கடிகாரம் வைத்துப் பார்த்தேன். ஒன்றரை மணி நேரம் ஆயிற்று. அவர் பொய் சொல்லவில்லை. காலையில் விரல் வலிக்காதபோது சுற்றும் வேகத்தைச் சொல்லியிருக்கிறார், அவ்வளவுதான்.

கிடைத்த எண்கள் இவை. ஒரு கிலோ கை முறுக்குக்கு ஆள் நேரம் 90 நிமிடம், அடுப்பு நேரம் 15 நிமிடம், லாபம் 120 ரூபாய். தேன்குழலை அச்சில் வைத்துப் பிழிந்துவிடலாம் என்பதால் ஆள் நேரம் 30 நிமிடம்தான். ஆனால் அடுப்பில் 20 நிமிடம், லாபம் 70 ரூபாய். லாபம் என்பது விற்கும் விலையில் மாவு, எண்ணெய், காஸ், பாக்கெட் செலவைக் கழித்தது. சம்பளத்தைக் கழிக்கவில்லை, முறுக்கு போட்டாலும் தேன்குழல் போட்டாலும் அது மாறப் போவதில்லை. மூன்று பேர், நாளுக்கு 8 மணி நேரம், வாரம் 6 நாள் என்றால் 8,640 ஆள் நிமிடங்கள். ஒரு அடுப்புக்கு 2,880 நிமிடங்கள்.

இப்போது எக்செல்லைத் திறந்து கொள்ளுங்கள். பி1 செல்லில் கை முறுக்கு, சி1 செல்லில் தேன்குழல், டி1 செல்லில் ஆனது, இ1 செல்லில் உள்ளது என்று தலைப்புகள் கொடுக்கவும். இரண்டாவது வரிசை எத்தனை கிலோ என்பதற்கு. பி2, சி2 இரண்டிலும் இப்போதைக்கு 0 போடவும். மூன்றாவது வரிசை லாபம்: பி3-இல் 120, சி3-இல் 70. நான்காவது வரிசை ஆள் நிமிடம்: 90, 30, இ4-இல் 8640. ஐந்தாவது வரிசை அடுப்பு நிமிடம்: 15, 20, இ5-இல் 2880. இனி டி3 செல்லில் =பி2*பி3+சி2*சி3 என்று பார்முலா அமைக்கவும் (எழுத்துகளை ஆங்கிலத்தில் டைப் செய்திட வேண்டும் என்று சொல்லத் தேவையில்லை). டி4-இல் =பி2*பி4+சி2*சி4. டி5-இல் =பி2*பி5+சி2*சி5. ஒரு பார்முலாவை அடித்துவிட்டுக் கீழே இழுத்து நகல் எடுத்தால் பி2 என்பது பி3, பி4 என்று மாறிவிடும். டாலர் குறி போட்டு அதைத் தடுக்கலாம். மூன்றே பார்முலாக்கள்தான் என்பதால் நான் தனித்தனியாகவே டைப் செய்தேன்.

சால்வருக்குப் போகும் முன் கையால் முயன்று பாருங்கள். சித்தியின் எண்ணம் முறுக்கை மட்டும் போடுவது. "கிலோவுக்கு 120 ரூபா வர்றதை விட்டுட்டு 70 ரூபா சரக்கை எதுக்குப் போடணும்?" என்பது அவர் கேள்வி. பி2-இல் 96 போட்டால் ஆள் நேரம் சரியாகத் தீர்ந்துவிடுகிறது. லாபம் 11,520 ரூபாய். ஆனால் டி5-ஐப் பாருங்கள். அடுப்பு பாதி நேரம் சும்மா கிடக்கிறது. தேன்குழல் மட்டும் என்றால் 144 கிலோவில் அடுப்பு நேரம் தீர்கிறது; லாபம் 10,080. இப்போது ஆட்கள் பாதி நேரம் சும்மா. முறுக்கு 60, தேன்குழல் 80 என்று போட்டுப் பார்த்தேன்: 12,800. ஆகா, கலந்து போட்டால் கூடுகிறதே! ஆனால் எந்தக் கலவையில் உச்சம்? இப்படியே எண்களை மாற்றிக் கொண்டிருந்தால் தீபாவளியே முடிந்துவிடும்.

சால்வர் எக்செல்லுக்குள்ளேயே இருக்கிறது; ஆனால் இயங்காத நிலையில் ஒளிந்திருக்கும். பைல் கிளிக் செய்து ஆப்ஷன்ஸ் செல்லவும். அதில் ஆட்-இன்ஸ் பிரிவைத் தேர்ந்தெடுத்து, கீழே எக்செல் ஆட்-இன்ஸ் என்று இருக்கும் இடத்தில் கோ பட்டனை அழுத்தவும். வரும் சிறிய விண்டோவில் சால்வர் ஆட்-இன் என்பதில் டிக் அடையாளம் ஏற்படுத்தி ஓகே கொடுக்கவும். இனி டேட்டா டேப்பின் வலது ஓரத்தில் சால்வர் காணப்படும். எக்செல் இல்லாதவர்கள் இலவசமாகக் கிடைக்கும் லிப்ரே ஆபீஸ் தொகுப்பின் கால்க் புரோகிராமில் டூல்ஸ் மெனுவில் இதே பெயரில் காணலாம்.

சால்வர் விண்டோவில் மூன்று கேள்விகள்தான். செட் அப்ஜெக்டிவ் என்ற இடத்தில் டி3 செல்லைக் காட்டி, மேக்ஸ் என்பதைத் தேர்ந்தெடுக்கவும். லாபம் அதிகமாக வேண்டும் என்று பொருள். செலவுக் கணக்கு என்றால் மின். அடுத்து எந்தச் செல்களை மாற்றிப் பார்க்கலாம் என்பதற்கு பி2 முதல் சி2 வரை. மூன்றாவது, கட்டுப்பாடுகள். ஆட் பட்டனை அழுத்தி, டி4:டி5 என்பது இ4:இ5-ஐ விடக் குறைவாக அல்லது சமமாக இருக்க வேண்டும் என்று கொடுக்கவும். அதன் கீழே நான்-நெகடிவ் என்று முடியும் ஒரு கட்டத்தில் டிக் இருக்கிறதா என்று பாருங்கள். அது இல்லாவிட்டால் மைனஸ் 20 கிலோ முறுக்கு போடு என்றுகூடச் சால்வர் யோசனை சொல்லும்! செலக்ட் எ சால்விங் மெத்தட் என்ற இடத்தில் சிம்ப்ளக்ஸ் எல்பி தேர்ந்தெடுத்து, சால்வ் அழுத்தவும்.

கண் இமைக்கும் நேரத்தில் பதில் வந்தது. முறுக்கு 64 கிலோ, தேன்குழல் 96 கிலோ, லாபம் 14,400 ரூபாய். ஆள் நேரமும் அடுப்பு நேரமும் ஒரு நிமிடம் மிச்சமில்லாமல் தீர்ந்திருந்தன. முறுக்கு மட்டும் போடுவதைவிட வாரத்துக்கு 2,880 ரூபாய் கூடுதல், ஒரு பைசா முதல் போடாமல். (சித்தி சொன்ன ஒரு மணி நேரக் கணக்கையே போட்டிருந்தால் 115 கிலோ முறுக்கு போடச் சொல்லியிருக்கும். அதை நம்பி ஆர்டர் பிடித்திருந்தால் வாரக் கடைசியில் 57 மணி நேர வேலை பாக்கி நின்றிருக்கும்.)

இந்தச் சிம்ப்ளக்ஸ் என்ற பெயரைப் பற்றிக் கொஞ்சம் சொல்ல வேண்டும். 1938-இல் சோவியத் நாட்டில் லியோனிட் கான்டரோவிச் என்ற கணித அறிஞரிடம் ஒரு பிளைவுட் தொழிற்சாலையின் பிரச்னை வந்தது: எந்த இயந்திரத்தில் எந்த மரத்தை ஓட்டினால் அதிக உற்பத்தி கிடைக்கும்? நம் அடுப்பும் ஆளும் போலத்தான். அவர் அதற்கு வழி கண்டார். 1975-இல் பொருளாதார நோபல் பரிசு பெற்ற இருவரில் அவரும் ஒருவர். சிம்ப்ளக்ஸ் முறையை 1947-இல் உருவாக்கியவர் அமெரிக்காவின் ஜார்ஜ் டான்சிக். இந்த முறையைச் சோதித்துப் பார்க்க அப்போது எடுத்துக் கொண்டது ஒரு சாப்பாட்டுக் கணக்கு. உடம்புக்குத் தேவையான சத்து குறையாமல், 77 உணவுப் பொருட்களிலிருந்து ஆகக் குறைந்த செலவில் ஒரு வருடச் சாப்பாட்டைத் தேர்ந்தெடுக்க வேண்டும். ஜார்ஜ் ஸ்டிக்லர் என்ற பொருளாதார அறிஞர் ஏற்கனவே உத்தேசமாக 39 டாலர் 93 சென்ட் என்று சொல்லியிருந்தார். மேசைக் கால்குலேட்டரோடு ஒன்பது குமாஸ்தாக்கள் உட்கார்ந்து, ஒருவர் 120 நாள் பார்க்கும் அளவு வேலை செய்து, 39 டாலர் 69 சென்ட் என்று கண்டுபிடித்தார்கள். ஸ்டிக்லரின் ஊகம் 24 சென்ட்தான் பிசகியிருந்தது. அந்த 120 நாள் வேலையை இன்று உங்கள் மேசையில் இருக்கும் கம்ப்யூட்டர் ஒரு வினாடிக்குள் முடித்துவிடும்.

அடுப்புக்கு வருவோம். பதில் வந்ததும் காட்டப்படும் விண்டோவில், வலது பக்கம் ரிப்போர்ட்ஸ் பட்டியலில் சென்சிடிவிட்டி என்பதைத் தேர்ந்தெடுத்து ஓகே கொடுத்தால் புதிய ஷீட் ஒன்று உருவாகும். அதில் ஷேடோ பிரைஸ் என்ற வரிசைதான் எனக்கு மிகவும் பிடித்தது. எதில் ஒரு நிமிடம் கூடினால் லாபம் எவ்வளவு கூடும் என்று அது சொல்லும். ஆள் நேரத்துக்கு 1 என்றும் அடுப்பு நேரத்துக்கு 2 என்றும் இருந்தது. அதாவது அடுப்பு ஒரு மணி நேரம் கூடுதலாகக் கிடைத்தால் 120 ரூபாய். இரண்டாவது அடுப்பு வந்தால் வாரத்துக்கு 2,880 நிமிடம், அப்படியானால் 5,760 ரூபாய்! சித்திக்கு உடனே போன் செய்து, தாராளமாக வாங்கலாம் என்று சொல்லிவிட்டேன். வளையல் அடகுக் கடைக்குப் போகத் தயாரானது.

அன்று இரவு ஏதோ சந்தேகம் வந்து, இ5-இல் 5760 என்று மாற்றி மறுபடி சால்வ் அழுத்தினேன். முறுக்கு 0, தேன்குழல் 288 கிலோ என்று வந்தது. லாபம் என்னவோ சொன்னபடி 20,160 காட்டியது. மறுநாள் காலை சித்தியிடம் ஓடினேன். "288 கிலோ தேன்குழலை யாருப்பா வாங்குவா? முறுக்கு இல்லேன்னா கடைக்காரன் வாசப்படி ஏற மாட்டான்" என்று சிரித்தார். எனக்குச் சிரிப்பு வரவில்லை. விற்கும் அளவு என்று ஒரு வரிசையை நான் எழுதவே இல்லை. எழுதாததைச் சால்வர் எப்படி அறியும்?

வாரத்துக்கு முறுக்கு 100 கிலோ, தேன்குழல் 120 கிலோ வரைதான் போகும் என்றார். பி6-இல் 100, சி6-இல் 120 டைப் செய்து, பி2:சி2 இவற்றை மீறக்கூடாது என்று இன்னொரு கட்டுப்பாட்டைச் சேர்த்தேன். பழைய பதிலான 64, 96 மாறவில்லை. இரண்டாவது அடுப்பு போட்டால் முறுக்கு 56, தேன்குழல் 120, லாபம் 15,120. நான் வாக்குக் கொடுத்த 5,760 எங்கே, இந்த 720 எங்கே! மூன்று வாரத்துக்கும் சேர்த்து 2,160 ரூபாய். மற்ற மாதங்களில் ஒரு அடுப்புக்கே முழு வேலை இல்லை.

அடுப்பு வேண்டாம், வாரம் 2,100 ரூபாய் சம்பளத்துக்கு இன்னொரு ஆள் போட்டால்? இ4-இல் 11520 போட்டுப் பார்த்தேன். லாபம் 16,830. சம்பளம் போக மிஞ்சுவது 330 ரூபாய். இதுவும் உதவவில்லை. மூடிவிட்டுப் போகலாம் என்று நினைத்தபோது, இரண்டையும் சேர்த்துக் கூட்டினால் என்ன ஆகும் என்று தோன்றியது. முறுக்கு 88, தேன்குழல் 120, லாபம் 18,960. சம்பளம் போக 2,460 ரூபாய் கூடுதல்! தனித்தனியே 720, 330 தந்தவை சேர்ந்தால் இரண்டு மடங்குக்கும் மேலே தருகின்றன. அடுப்பு மட்டும் கூடினால் ஆள் நேரம் இறுக்கிப் பிடிக்கிறது. ஆள் மட்டும் கூடினால் அடுப்பு இறுக்கிப் பிடிக்கிறது. பெரிய ஆலைகளில் ஒரு இயந்திரத்தை மட்டும் புதிதாக வாங்கிப் போட்டுவிட்டு உற்பத்தி ஏன் கூடவில்லை என்று விழிப்பதும் இதனால்தான்.

இதைச் சொன்னதும் சித்தி கேட்டது கம்ப்யூட்டருக்குத் தோன்றாத கேள்வி. "மூணு வாரத்துக்குத்தானே? கல்யாணச் சமையல் பாத்திரக் கடையில அடுப்பு வாடகைக்குத் தருவானே?" நாளுக்கு 100 ரூபாய் வாடகை, ஆறு நாளுக்கு 600. அதையும் கழித்தால் வாரத்துக்கு 1,860 ரூபாய் நிற்கும். வளையல் கையிலேயே இருந்தது.

முதல் வாரம் ஒரு பெண் ஒரு நாள் வரவில்லை. 480 நிமிடம் போயிற்று. 88 கிலோவுக்குப் பதில் 82 கிலோ முறுக்குதான் வந்தது. கணக்குப்படி 5 கிலோ சொச்சம்தான் குறைந்திருக்க வேண்டும்; மீதி எங்கள் வீட்டுக்கு வந்த பாக்கெட் என்று நினைக்கிறேன்.

நீங்கள் இதை முயலும்போது, கிலோ கணக்கு பின்னமாக வந்தால் கவலைப்பட வேண்டாம். பெட்டி, நாற்காலி போன்று முழு எண்ணாகவே வேண்டும் என்றால் ஆட் கட்டுப்பாட்டில் இன்ட் என்பதைத் தேர்ந்தெடுக்கலாம். ஆனால் அப்போது சென்சிடிவிட்டி ரிப்போர்ட் கிடைக்காது. தீர்வே இல்லை என்று செய்தி வந்தால் ஒன்றுக்கொன்று ஒத்துவராத கட்டுப்பாடுகளைக் கொடுத்திருக்கிறீர்கள். கடைசியாகச் சேர்த்ததை முதலில் சந்தேகியுங்கள்.

இந்த முறை அதிரசத்தையும் சேர்க்கச் சொல்கிறார் சித்தி. மாவை முன்கூட்டியே கிளறி இரண்டு நாள் வைத்திருக்க வேண்டுமாம். செவ்வாய்க்கிழமை கிளறும் மாவு வியாழக்கிழமை அடுப்பைக் கேட்கும் என்பதால், வாரத்தை ஆறு நாளாகப் பிரித்து ஒவ்வொரு நாளுக்கும் தனித்தனி வரிசை போட்டுக் கொண்டிருக்கிறேன்.