வெயில் விழும் வாடகைச் சமையலறை

கேள்வி: சென்னையில் வாடகை ஃபிளாட்டில் இருக்கிறோம். மேற்குப் பார்த்த சமையலறை. மதியத்துக்கு மேல் வெயில் கொட்டுகிறது. ஆணி அடிக்கவே வீட்டுக்காரர் யோசிக்கிறார். இதை எப்படி நம் வீடாக்கிக்கொள்வது?

பதில்: சுவரைத் தொடாமலே ஆக்கிக்கொள்ளலாம். சமையலறைக்குச் சொந்தக்களை தருவது பதித்த அலமாரி அல்ல, எந்தப் பொருள் எங்கே என்ற ஒழுங்கு. அதை வகுக்க வெயிலையே அளவுகோலாக வையுங்கள். ஒளியும் சூடும் பட்டால் எண்ணெய் சிக்குவாடை அடிக்கும், மஞ்சள்தூளும் மிளகாய்த்தூளும் நிறமும் மணமும் இழக்கும். அவை மேடைக்குக் கீழே நிழலில் இருக்கட்டும். ஜன்னலோரம் புதினாவுக்கும் வெந்தயக்கீரைக்கும். தேங்காய் நார், வெட்டுப்பலகை, கரித்துணி அங்கே காய்ந்தால் ஈரவாடை அண்டாது. எனவே வெயிலை முழுக்க அடைப்பது நஷ்டம்.

சூடு தாங்கவில்லையே என்பீர்கள். மாலை வெயில் தாழ்வாகச் சாய்ந்து வருவதால் சன்ஷேடு அதைத் தடுக்காது. உள்ளே திரை போட்டாலும் கண்ணாடியைத் தாண்டிய சூடு அறைக்குள்ளேயே தங்கும். ஜன்னலுக்கு வெளியே, கம்பியில் கட்டிய மூங்கில் தட்டிதான் சரி. மூன்று மணிக்கு இறக்கி, பொழுது சாய்ந்ததும் சுருட்டிவிடலாம். அடுப்பு வேலையைக் காலையிலேயே முடிப்பது இன்னும் நல்லது.

காலி செய்யப்போகும் வீட்டுக்கு ஏன் செலவு என்ற கேள்வி நியாயமானதே. தமிழ்நாட்டின் 2017ஆம் ஆண்டு வாடகைச் சட்டமும் உரிமையாளரின் எழுத்துப்பூர்வ ஒப்புதலின்றிக் கட்டுமான மாற்றம் செய்யக் கூடாது என்கிறது. ஆனால் தட்டி, தொட்டி, நிற்கும் ஸ்டாண்டு எல்லாம் உங்களோடு லாரியேறும். கழற்ற முடிந்ததற்கு மட்டும் செலவழியுங்கள். அது அடுத்த வீட்டுக்கும் முதலீடு.