ஒற்றை எண்ணில் அடங்காத தீவிரம்

அன்பார்ந்த இளம் நுரையீரல் மருத்துவருக்கு,

நாட்பட்ட நுரையீரல் அடைப்பு நோய், அதாவது சி.ஓ.பி.டி., எவ்வளவு தீவிரமானது என்ற கேள்விக்குள் மூன்று தனிக் கேள்விகள் அடங்கியுள்ளன: மூச்சுக்குழல்கள் எந்த அளவுக்கு அடைபட்டுள்ளன, அந்த அடைப்பு அன்றாட வாழ்வை எவ்வளவு முடக்கியிருக்கிறது, நோய் மீண்டும் திடீரென முற்றும் வாய்ப்பு எவ்வளவு. ஒன்றுக்குக் கிடைத்த விடையை மற்ற இரண்டுக்கும் பொருத்திவிடாமல், மூன்றையும் தனித்தனியே அளந்து கேஸ் ஷீட்டில் தனித்தனியே எழுதும் பழக்கம் தொடக்கத்திலேயே கைவர வேண்டும்.

முதல் கேள்விக்கு விடை தருவது ஸ்பைரோமெட்ரி என்னும் ஊதல் பரிசோதனை. சால்பியூட்டமால் போன்று மூச்சுக்குழலை விரிக்கும் மருந்தை உள்ளிழுக்கச் செய்து, 10 முதல் 15 நிமிடம் கழித்து ஊதச் சொல்லி, முதல் நொடியில் வெளிவரும் காற்றை அந்த ஊதலின் மொத்தக் காற்றால் வகுக்கும்போது கிடைக்கும் விகிதம் 0.7-க்குக் குறைவாக இருந்தால் அடைப்பு உறுதியாகிறது. ஆனால் அடைப்பின் கடுமையைச் சொல்வது இந்த விகிதமன்று. முதல் நொடிக் காற்று, அதே வயதும் உயரமும் பாலினமும் கொண்ட நலமான ஒருவரிடம் எதிர்பார்க்கப்படும் அளவில் எத்தனை விழுக்காடு என்பதே. கோல்டு என்னும் பன்னாட்டு அமைப்பின் வகைப்பாட்டில் 80 விழுக்காடும் அதற்கு மேலும் முதல் நிலை. 50 முதல் 79 வரை இரண்டாம் நிலை. 30 முதல் 49 வரை மூன்றாம் நிலை. 30-க்குக் கீழே நான்காம் நிலை. நோயாளி முழுமையாக ஊதாமல் இடையில் நிறுத்திவிட்டால் மொத்தக் காற்று குறைவாகப் பதிவாகி, விகிதம் உயர்ந்து, இருக்கும் அடைப்பே மறைந்துவிடக்கூடும் என்பதால், எண்ணைப் படிக்கும் முன் வரைகோட்டைப் பார்க்க வேண்டும்.

இரண்டாம் கேள்விக்கு எம்.எம்.ஆர்.சி. என்னும் மூச்சிரைப்பு அளவுகோல் உதவுகிறது. கடும் உழைப்பின்போது மட்டும் இரைப்பு வருவது 0. சமதரையில் ஒத்த வயதினரைவிட மெதுவாக நடக்க நேர்வது 2. உடை மாற்றவே மூச்சு வாங்குவது 4. எட்டு வினாக்கள் கொண்ட சி.ஏ.டி. வினாத்தாள் இருமல், சளி, உறக்கம் முதலியவற்றையும் சேர்த்து 40-க்கு மதிப்பிடுகிறது. மாடி ஏறுவதையும் சந்தைக்குப் போவதையும் விட்டுவிட்டவர் தமக்கு இரைப்பே இல்லை என்று உண்மையாகவே சொல்லக்கூடும். ஆகவே எந்தெந்த வேலையைக் கைவிட்டார் என்று கேட்பதே சரியான விடையைத் தரும்.

மூன்றாம் கேள்விக்கான விடை பெரும்பாலும் கடந்த ஆண்டின் வரலாற்றில் இருக்கிறது. முன்பு நோய் முற்றியவருக்கே அது மீண்டும் முற்றும் வாய்ப்பு மிகுதி. ஆனால் நோயாளி அதை “சளி பிடித்தது, ஊசி போட்டுக்கொண்டேன்” என்றுதான் சொல்வார் என்பதால், ஸ்டீராய்டோ ஆன்டிபயாட்டிக்கோ எத்தனை முறை தேவைப்பட்டது, மருத்துவமனையில் சேர்க்கப்பட்டாரா என்று துருவிக் கேட்க வேண்டும்.

இந்த வேறுபாடுகளைக் கருதியே 2017-ஆம் ஆண்டு கோல்டு அறிக்கை ஊதல் அளவை நோயாளிக் குழுக்களிலிருந்து பிரித்தது. 2023-ஆம் ஆண்டு அறிக்கை குழுக்களை ஏ, பி, இ என மூன்றாக்கியது. அதன்படி, ஓராண்டில் இரு முறை மிதமாகவோ, ஒரு முறை மருத்துவமனையில் சேரும் அளவுக்கோ நோய் முற்றியவர் இ குழுவினர், எஞ்சியோரில் எம்.எம்.ஆர்.சி. 2-ஐயோ சி.ஏ.டி. 10-ஐயோ எட்டியவர் பி, எட்டாதவர் ஏ. முதல் நொடிக் காற்று 45 விழுக்காடாக உள்ள இருவரும் மூன்றாம் நிலையினரே ஆயினும், இயல்பாக நடமாடும் ஒருவர் ஏ குழுவிலும், சென்ற ஆண்டு மருத்துவமனையில் சேர்ந்த மற்றவர் இ குழுவிலும் வருவர். முன்னவருக்கு ஒற்றை விரிப்பு மருந்து போதும் என்றால், பின்னவருக்கு நீடித்துச் செயல்படும் இரண்டும், ஈசினோஃபில் அணுக்கள் 300-ஐ எட்டினால் உள்ளிழுக்கும் ஸ்டீராய்டும் கருதப்படும்.

மூன்று விடைகளும் ஒன்றோடொன்று பொருந்தாதபோது அதையும் ஒரு மருத்துவக் குறியாகவே கொள்ள வேண்டும். அடைப்பு குறைவாகவும் இரைப்பு மிகையாகவும் இருந்தால், இன்ஹேலரின் அளவைக் கூட்டுவதற்கு முன் இதயச் செயலிழப்பு, இரத்தசோகை, நுரையீரல் இரத்தக் குழாய் உயர் அழுத்தம் ஆகியவற்றைத் தேட வேண்டும். மூன்றையும் ஒரே எண்ணில் கலந்துவிட்ட மருத்துவருக்கு இவற்றைத் தேடவேண்டிய காரணமே தென்படாது.

நலம் நாடும்,
மூத்த மருத்துவர் ஒருவர்