ஆளுக்கு 2 ஜிபி

கேள்வி: அம்பத்தூர் எஸ்டேட்டில் எங்கள் ஆபீஸில் 16 ஜிபி லினக்ஸ் சர்வரை ஆறு பேர் பகிர்கிறோம். ஒருவரே மெமரியை விழுங்கிவிடுகிறார். ஆளுக்கு 2 ஜிபி உறுதிசெய்ய முடியுமா?

பதில்: முடியும். யூலிமிட்டை நம்பாதீர்கள், அது புராசஸுக்குத்தான் வரம்பு, ஆளுக்கு அல்ல. பத்து புராசஸ் திறந்தால் பத்து மடங்கு! உங்களுக்கு வேண்டியது சிகுரூப், அதாவது புராசஸ்களைக் குழுவாகச் சேர்த்து வரம்பு வைக்கும் கெர்னல் வசதி. அதன் மெமரிப் பிரிவு 2008-இல் லினக்ஸ் 2.6.25-இல் சேர்ந்தது; எழுதியவர்களில் முக்கியமானவர் அப்போது ஐபிஎம் இந்தியாவில் இருந்த பல்பீர் சிங்.

சர்வீஸ்களை நிர்வகிக்கும் சிஸ்டம்டி ஒவ்வொரு யூசருக்கும் 'ஸ்லைஸ்' என்ற ஒரு சிகுரூப் வைத்திருக்கிறது. பலரும் அதில் 'மெமரிமேக்ஸ்' போட்டுவிட்டு நிம்மதியாகிவிடுகிறார்கள். அது உச்சவரம்பு மட்டுமே. உத்தரவாதம் 'மெமரிமின்', சிகுரூப் இரண்டாம் பதிப்பில்தான் உண்டு. அதை ஒவ்வொருவர் ஸ்லைஸிலும் 2 ஜிபி என்று போடுங்கள்; மேலே உள்ள பொது யூசர் ஸ்லைஸிலும் 12 ஜிபி போடுங்கள். இல்லாவிட்டால் கீழே போட்ட 2 ஜிபி செல்லாது. மீதி நான்கைத் தொடாதீர்கள், கெர்னலுக்கும் சர்வீஸ்களுக்கும் வேண்டும்.